தகவல் தொழில்நுட்பத்தோடு நிதியியலும் படிப்பது வேலைக்கு உதவுமா?

கேள்வி: கீழமாசி வீதி

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் பி.டெக். தகவல் தொழில்நுட்பம் இறுதியாண்டு படிக்கிறேன். அப்பாவின் மளிகை மொத்த வியாபாரத்துக்குப் பள்ளி நாட்களிலிருந்தே டேலி கணக்கு மென்பொருளில் வரவு செலவு பதிந்து வருவதால் கணக்கியலில் எனக்கு ஆர்வம் உண்டு. வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலைக் கல்வியில் எம்.காம். படிப்பதா, பட்டயக் கணக்காளர் படிப்பான சி.ஏ.வுக்குப் பதிவு செய்வதா, நிரலாக்கத்திலேயே முழுக் கவனம் செலுத்துவதா என்று முடிவெடுக்க முடியவில்லை. இலந்தைகுளம், வடபழஞ்சி தொழில்நுட்பப் பூங்காக்களில் வேலை தேடுகிறவருக்கு இரட்டைப் படிப்பால் பயன் உண்டா? வீட்டுச் சூழலால் இப்போதைக்குச் சென்னைக்கோ பெங்களூருக்கோ செல்ல இயலாது.

பதில் 1: திருநகர் ஆடிட்டர்

சி.ஏ. பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், தம்பி. வணிகவியல் படிக்காத பட்டதாரி 60 விழுக்காடு மதிப்பெண் பெற்றிருந்தால் நேரடியாக இரண்டாம் நிலையான இன்டர்மீடியட்டுக்குப் பதிவு செய்யலாம். ஆனால் ஆடிட்டரிடம் பெறும் கட்டாயப் பயிற்சியான ஆர்ட்டிகிள்ஷிப் 2023இல் 3 ஆண்டிலிருந்து 2 ஆண்டாகக் குறைக்கப்பட்ட பிறகும் முழுநேரப் பயிற்சியாகவே இருக்கிறது. அந்தக் காலத்தில் மென்பொருள் வேலையில் இருக்க முடியாது. ஆகவே சி.ஏ. என்பது பக்கப் படிப்பு அன்று, அது தனிப் பாதை. எம்.காம்.முக்குப் பல பல்கலைக்கழகங்கள் வணிகவியல் பட்டம் கேட்கும். எந்தப் பட்டதாரியும் சேரக்கூடியது எம்.பி.ஏ. நிதி மேலாண்மை. எதில் சேர்ந்தாலும் அந்த ஆண்டுக்கு அந்தத் தொலைநிலைப் படிப்புக்கு யுஜிசி அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கட்டணம் செலுத்துங்கள்.

எங்கள் தொழிலில் உங்களைப் போன்றவர்களுக்குத் தேவை இருக்கிறது. 2022 ஜனவரி முதல், விற்றவர் பதிவேற்றிய பில் ஜிஎஸ்டி தளம் தரும் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையில் வந்தால்தான், வாங்கியவர் கொள்முதலின்போது கட்டிய உள்ளீட்டு வரியைத் தாம் செலுத்த வேண்டிய வரியிலிருந்து கழித்துக்கொள்ள முடியும். அந்த அறிக்கையையும் கொள்முதல் பதிவேட்டையும் வரிவரியாக ஒப்பிடும்போது, ஒரே பில் எண்ணை இருவரும் இருவிதமாக எழுதியிருப்பார்கள். அதைப் பொருத்தித் தரும் நிரலை எழுத, வரியும் தெரிய வேண்டும், தரவைக் கையாளவும் தெரிய வேண்டும்.

பதில் 2: வைகைக்கரை

வங்கி மென்பொருளில் பணிபுரிகிறேன். பட்டத்தின் பெயரைக் காட்டிலும் பணம் நகரும் முறையை அறிந்திருப்பதுதான் எங்கள் துறையில் ஒருவரை வேறுபடுத்துகிறது என்பது என் உறுதியான கருத்து.

யுபிஐயில் அனுப்பியவர் கணக்கில் பணம் கழிந்து, பெறுபவர் கணக்கில் சேராமல் நின்றுவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். நிரலாளருக்கு அது உரிய நேரத்தில் பதில் வராமல் காலாவதியான ஒரு கோரிக்கை. கணக்கியல் அறிந்தவருக்கோ, அந்தத் தொகை இப்போது எந்த வங்கியின் எந்தத் தற்காலிக இடைக்கணக்கில் நிற்கிறது, எந்தப் பற்றுக்கு எதிரே வரவு எழுதப்படவில்லை என்பதுதான் முதல் கேள்வி. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதியின்படி அப்பணம் மறுநாளுக்குள் திரும்ப வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பதால், இரவில் இருபுறப் பதிவுகளையும் ஒப்பிடும் ரிகன்சிலியேஷன் நிரலில் பிழை இருந்தால் அது நேரடியாக நட்டமாகிறது. அதே கோரிக்கை இரண்டாம் முறை வந்தால் இரண்டாம் முறை பணம் கழியக் கூடாது என்பதையும் நிரலே உறுதிசெய்ய வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெரும்பாலான நிரல் மொழிகளில் 0.1ஐயும் 0.2ஐயும் மிதவைப் புள்ளி எண்களாக (கணினி தோராயமாகச் சேமிக்கும் தசம எண்களாக) கூட்டினால் துல்லியமாக 0.3 வராது, எனவேதான் தொகையைப் பைசாக்களாக, முழு எண்ணாகச் சேமிப்பதும், வட்டித் தொகையைக் கணக்கின் எந்தப் படியில் அருகிலுள்ள முழு எண்ணாக்குவது என்று முன்கூட்டியே முடிவு செய்வதும் வழக்கம். வட்டிக் கணக்கில் ஆண்டை 365 நாளாகக் கொள்வதா, 360 நாளாகக் கொள்வதா என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. ஒவ்வொரு பற்றுக்கும் இணையான வரவு எழுதும் இரட்டைப் பதிவு முறை, இருப்புநிலைக் குறிப்பு, 90 நாள் தவணை நிலுவையானால் கடன் வாராக்கடனாகும் விதி, இவற்றோடு தரவுத்தள மொழியான எஸ்க்யூஎல் நன்றாகத் தெரிந்திருந்தால் பட்டம் பிறகு வந்தால் போதும்.

பதில் 3: வடபழஞ்சி

மேலே சொன்னவற்றை மறுக்கவில்லை. ஆனால் முதல் வேலைக்கான நேர்காணலில் நிரலாக்கத்தையும் தரவுத்தளத்தையும்தான் சோதிக்கிறார்கள். பெரிய நிறுவனங்களில் புதியவர் எந்தப் பிராஜெக்டில் சேர்வார் என்பது அவர் கையில் இல்லை. வாகனக் கருவிகளுக்கான மென்பொருளிலோ வலையமைப்புப் பராமரிப்பிலோ சேர்ந்தால் நிதிப் படிப்பு பல ஆண்டுகள் பயன்படாமலே கிடக்கும். முதலில் வேலையில் சேருங்கள், ஓராண்டு கழித்துப் படிப்பை முடிவு செய்யுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. சி.ஏ. எண்ணத்தைக் கைவிடுகிறேன். வங்கிப் பணியாளர் தேர்வு நிறுவனமான ஐபிபிஎஸ் நடத்தும் வங்கித் தகவல் தொழில்நுட்ப அதிகாரி தேர்வு என்னைப் போன்றவர்களுக்குப் பொருந்துமா?

பதில்: வைகைக்கரை

பொருந்தும். கணினி அல்லது தகவல் தொழில்நுட்பத்தில் நான்காண்டுப் பொறியியல் பட்டம் அதற்குப் போதிய தகுதி. முதன்மைத் தேர்வில் துறைப் பாடமே கேட்கப்படும். ஆனால் பொதுத்துறை வங்கிகளில் நாட்டின் எந்த ஊரிலும் பணியிடம் வரலாம், தொழில்நுட்ப அதிகாரிகளைப் பெரும்பாலும் தலைமை அலுவலகம் இருக்கும் நகரங்களுக்கே அனுப்புகிறார்கள். மதுரையை விட்டு நகர இயலாது என்று எழுதியிருப்பதால், விண்ணப்பிக்கும் முன்பே வீட்டில் பேசிவிடுங்கள்.