புதுச்சேரியை இணைக்க முற்பட்டால் 1956 உடன்படிக்கை தடுக்குமா?

முள்ளோடை வழி:

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருப்பவன். அம்மா பிறந்த ஊர் பாகூர். சென்ற வாரம் அங்கே ஒரு வளைகாப்பில், புதுச்சேரியைத் தமிழ்நாட்டோடு இணைத்துவிட்டால் என்ன என்று விளையாட்டாகக் கேட்கப்போய், தாய்மாமாவின் கோபத்துக்கு ஆளானேன். "மக்களைக் கேட்காமல் எங்களைத் தொட முடியாது. பிரான்சோடு செய்த உடன்படிக்கையிலேயே எழுதியிருக்கிறது. மீறினால் ஹேக் நகர நீதிமன்றத்துக்கே போவோம்" என்றார்.

வீட்டுக்கு வந்து, 1956 மே 28 அன்று கையெழுத்தான அந்த ஒப்படைப்பு உடன்படிக்கையைத் தேடிப் படித்தேன். அவர் சொன்னது இரண்டாம் உறுப்பில் இருக்கத்தான் செய்கிறது. 1954 நவம்பர் 1க்கு முன்பிருந்த தனி நிர்வாகத் தகுதி தொடரும் என்றும், அந்தத் தகுதியில் பின்னர் வரும் அரசியலமைப்பு மாற்றங்கள் மக்களின் விருப்பத்தை அறிந்த பிறகே செய்யப்படும் என்றும் அது கூறுகிறது. நாளை நாடாளுமன்றம் யாரையும் கேட்காமல் இணைப்புச் சட்டம் இயற்றினால், இந்த உறுப்பைக் காட்டி ஒரு புதுச்சேரிவாசி அதைத் தடுக்க முடியுமா என்பதே என் ஐயம்.

கறுப்பு அங்கி:

உங்கள் தாய்மாமா உறுப்பைச் சரியாகவே படித்திருக்கிறார். வழக்கை யார் தொடுக்கலாம் என்பதில்தான் சிக்கல்.

நம் நாட்டில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தான மாத்திரத்தில் நீதிமன்றம் நடைமுறைப்படுத்தும் சட்டமாகிவிடாது. அதற்கெனச் சட்டம் இயற்றும் அதிகாரத்தை அரசியலமைப்பின் 253ஆம் உறுப்பு நாடாளுமன்றத்துக்குத் தருகிறது. இயற்றியே ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. உடன்படிக்கைக் கடமைகளை மதிக்க அரசு முயல வேண்டும் என்று 51ஆம் உறுப்பு சொன்னாலும், அது வழிகாட்டு நெறிகளுள் ஒன்று என்பதால் அதை மட்டும் வைத்து வழக்காட முடியாது. பன்னாட்டுச் சட்டமும் உள்நாட்டுச் சட்டமும் நேரடியாக மோதினால் உள்நாட்டுச் சட்டமே நிற்கும் என்பதை 1984இல் கிராமபோன் நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. உள்நாட்டுச் சட்டம் மௌனமாக இருக்கும் இடத்தில் மட்டும் பன்னாட்டு உடன்படிக்கையை உள்ளே கொண்டுவரலாம். 1997இல் விசாகா வழக்கில் பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான நெறிமுறைகள் அப்படித்தான் பிறந்தன.

உங்கள் கேள்வியில் சட்டம் மௌனமாக இல்லை என்பதுதான் சங்கடம். அரசியலமைப்பின் மூன்றாம் உறுப்பைப் பாருங்கள். ஒரு மாநிலத்தின் எல்லையையோ பெயரையோ மாற்றும் மசோதாவை அந்த மாநிலச் சட்டமன்றத்தின் கருத்துக்கு அனுப்ப வேண்டும் என்கிறது அதன் காப்புரை (உறுப்போடு சேர்ந்து வரும் நிபந்தனை வாசகம்). 1966இல் 18ஆவது திருத்தம் ஒரு விளக்கத்தைச் சேர்த்தது: மாற்றம் செய்யும் அதிகாரத்தைப் பொறுத்தவரை 'மாநிலம்' என்ற சொல்லுக்குள் யூனியன் பிரதேசமும் அடங்கும், காப்புரையைப் பொறுத்தவரை அடங்காது. அதாவது, மக்களின் விருப்பத்தை அறிவோம் என்று பிரான்சுக்கு வாக்களித்து, 1962 ஆகஸ்ட் 16 அன்று அந்த உடன்படிக்கையை நடைமுறைக்கும் கொண்டுவந்து, நான்கே ஆண்டுகளில் புதுச்சேரிச் சட்டமன்றத்தைக் கேட்கவே தேவையில்லாத நிலையை நம் அரசியலமைப்பு ஏற்படுத்திக்கொண்டது. இந்த முரண்பாட்டை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

கீழூர்த் தாத்தா:

வழக்குரைஞர் தம்பி சொன்னதோடு சற்று வரலாற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் தகப்பனார் சொல்தாவாக (பிரெஞ்சுப் படைவீரராக) இருந்து பிரெஞ்சு ஓய்வூதியம் வாங்கியவர். உடன்படிக்கை தந்த ஆறு மாத அவகாசத்தில் எந்தக் குடியுரிமையைத் தெரிவு செய்வது என்ற வாக்குவாதம் எங்கள் வீட்டில் சோற்றுத் தட்டு வரை வந்தது.

மக்களின் சம்மதம் என்பது பிரான்சு நமக்குக் காட்டிய சலுகை அன்று. சம்பந்தப்பட்ட மக்களின் இசைவின்றி நிலப்பகுதி எதையும் கைமாற்ற முடியாது என்று அவர்களுடைய 1946ஆம் ஆண்டு அரசியலமைப்பே கூறியது. அதனால்தான் 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்கள் சட்டப் பேரவை உறுப்பினர்களும் நகரசபை உறுப்பினர்களுமாக 178 பேர். 170 பேர் இந்தியாவோடு இணைய ஆதரவு தெரிவித்தார்கள்.

நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. ஆனால் சட்டப்படி மாற மேலும் எட்டு ஆண்டுகள் ஆயின. இடையில் மஸ்தான் சாகிபு என்பவர் தொடுத்த வழக்கில், புதுச்சேரி இந்திய நிலப்பரப்புக்குள் அடங்குமா என்று உச்ச நீதிமன்றமே நடுவண் அரசைக் கேட்க, அடங்காது என்று அரசு விடையளித்தது. நீதிமன்றமும் 1961இல் அதை ஏற்றுக்கொண்டது. ஊரெங்கும் மூவண்ணக் கொடி பறந்துகொண்டிருந்த காலத்தில் இப்படி ஒரு தீர்ப்பு! பன்னாட்டுச் சட்டத்துக்கு எவ்வளவு கவனமாக நடந்துகொண்டார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. 1979இல் இணைப்புப் பேச்சு எழுந்தபோதோ, அதைத் தடுத்தது தெருவில் நடந்த போராட்டம்தான்; எந்த நீதிமன்றமும் அன்று.

ஐயப்படுவோன்:

இரண்டாம் உறுப்பின் மீது இவ்வளவு பாரத்தை ஏற்றலாமா என்று யோசிக்க வேண்டும். அதே உடன்படிக்கை, தேர்ந்தெடுக்கப்பட்ட மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவு செய்யும்வரை பிரெஞ்சு ஆட்சிமொழியாக நீடிக்கும் என்கிறது. அங்கே யார் முடிவு செய்வது என்பது ஐயத்துக்கு இடமின்றி எழுதப்பட்டிருக்கிறது. இரண்டாம் உறுப்பிலோ மக்களின் விருப்பத்தை யார், எப்படி அறிவது என்று ஒரு சொல்லும் இல்லை. பொது வாக்கெடுப்பா, சட்டமன்றத் தீர்மானமா, ஒரு தேர்தல் முடிவே போதுமா? மேலும் அது காப்பாற்றுவதாகச் சொல்லும் 1954க்கு முந்தைய தகுதி, 1963ஆம் ஆண்டு யூனியன் பிரதேச ஆட்சிச் சட்டம் வந்து புதிய சட்டமன்றம் அமைந்தபோதே உருமாறிவிட்டது.

உள்நாட்டுச் சட்டத்தைக் காட்டி உடன்படிக்கைக் கடமையைத் தட்டிக்கழிக்கக் கூடாது என்ற, உடன்படிக்கைகளுக்கான பொது விதிகளைக் கூறும் வியன்னா ஒப்பந்தத்தின் விதியை யாராவது எடுத்துக்காட்டக்கூடும். இந்தியா, பிரான்சு ஆகிய இரண்டுமே அந்த ஒப்பந்தத்தில் சேரவில்லை. ஆனாலும் அவ்விதி வழக்காற்றுச் சட்டமாக (நாடுகளின் நெடுநாள் நடைமுறையால் உருவான சட்டமாக) எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்துவதாகவே கருதப்படுகிறது.

முள்ளோடை வழி:

மிக்க நன்றி. அப்படியானால் ஹேக் என்று மாமா சொன்னது முழுக்கக் கற்பனைதானா?

கறுப்பு அங்கி:

கற்பனை என்று தள்ளிவிட முடியாது. பேச்சுவார்த்தையிலோ நடுவர் தீர்ப்பிலோ தீராத கருத்து வேறுபாட்டை இரு நாடுகளுள் ஒன்று ஹேக் நகரிலுள்ள பன்னாட்டு நீதிமன்றத்தின் முன் வைக்கலாம் என்று உடன்படிக்கையின் இறுதிப் பகுதி சொல்கிறது. அந்தக் கதவு பிரான்சுக்குத் திறந்திருக்கிறது, பாகூர்க்காரருக்கு இல்லை. புதுச்சேரியின் எல்லைக்காக இந்தியாவோடு வழக்காட பாரிசு முன்வரும் என்று எதிர்பார்ப்பது பேராசை.

ஐயப்படுவோன் எழுப்பிய கேள்வியை வேறு பக்கமாகத் திருப்பியும் பார்க்கலாம். மாநிலத் தகுதி தருவதும் ஓர் அரசியலமைப்பு மாற்றம்தான். அதைக் கோரிப் புதுச்சேரிச் சட்டமன்றம் பலமுறை தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகளின் வாக்கையே மக்களின் விருப்பமாக இரு அரசுகளும் கீழூரில் ஏற்றுக்கொண்டன. அந்த அளவுகோலை இங்கேயும் வைத்தால், இரண்டாம் உறுப்பு கேட்கும் நிபந்தனை மாநிலத் தகுதிக்கு ஏற்கெனவே நிறைவேறிவிட்டது. இணைப்புக்கு இன்னும் நிறைவேறவில்லை. மாமாவிடம் இதைச் சொல்லுங்கள், கோபம் சற்றுத் தணியும்.