ஆடிக் காற்றில் டேங்குக்கு ஸ்பிரே அடிக்கலாமா?

தெற்குச்சீமை:
ராதாபுரம் பக்கம், கடலுக்குக் கிட்டத்தில் ஒரு இரும்பு டேங்க். வெளிப்புறம் முழுக்க பிளாஸ்ட் செய்து (துகளைப் பீய்ச்சித் துருவை நீக்கி) மூன்று கோட்: ஜிங்க் எபாக்ஸி பிரைமர், நடுவில் எபாக்ஸி எம்ஐஓ (செதில் போன்ற இரும்பு ஆக்சைடு கலந்தது), மேலே பாலியூரித்தேன். ஆடி பிறந்ததிலிருந்து காற்று நிற்கவே இல்லை. மேல்பக்கம் அடித்த பிரைமரைத் தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. காண்ட்ராக்டர் தின்னரைக் கூட்டினால் சரியாகிவிடும் என்கிறார், மழைதான் இல்லையே, எதற்கு வேலையை நிறுத்த வேண்டும் என்றும் கேட்கிறார். ஆவணிக்குள் முடிக்க வேண்டும். விவரம் தெரிந்த அண்ணாச்சிமார் சொல்லுங்கள்.

வள்ளியூர் இன்ஸ்பெக்டர்:
தம்பி, அது டிரை ஸ்பிரே. துளி இரும்பைத் தொடும் முன்பே காற்றில் பாதி காய்ந்து பொடியாக வந்து ஒட்டுகிறது. அதன்மேல் அடுத்த கோட் அடித்தால் பின்ஹோலும் (ஊசித்துளை) குமிழும் வரும், அதனால் முதலில் தேய்த்து எடுங்கள். டேட்டா ஷீட்டில் போட்ட சதவீதத்துக்கு மேல் தின்னர் ஊற்ற விடாதீர்கள், படலம் மெலிந்து வழியும், கரைப்பானும் உள்ளே சிக்கிக்கொள்ளும். மெதுவாக ஆவியாகும் தின்னர் இருக்கிறதா என்று பெயிண்ட் கம்பெனியிடம் கேளுங்கள். காற்று நொடிக்கு 7 மீட்டரை, அதாவது மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டினால் நான் கன்னைக் கீழே வைக்கச் சொல்லிவிடுவேன். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று இது, இதை நம்பித்தான் இத்தனை காற்றாலை நட்டிருக்கிறார்கள். சாரத்தில் மறைப்புக் கட்டலாம், ஆனால் அந்தத் துணி காற்றை வாங்கும், சாரம் தாங்குமா என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

காற்று தணிகிற விடிகாலையில் அடிக்கலாம் என்று தோன்றும். அங்கேதான் பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, குறுக்கே வரும். காற்றின் வெப்பம் 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் பனிநிலை 26. இரும்பின் வெப்பம் அதைவிட 3 டிகிரியாவது கூட, அதாவது 29க்கு மேல் இருக்க வேண்டும். ராத்திரி முழுக்க வெப்பத்தை விட்ட இரும்பு காற்றைவிடக் குளிர்ந்து கிடக்கும், மேற்குப் பக்கம் வெயில் ஏற நேரமாகும். டேங்கில் தண்ணீர் இருந்தால் அந்த மட்டம் வரை இரும்பு சூடேற இன்னும் நேரமாகும். கண்ணுக்கு ஈரமே தெரியாது. அதனால் சர்ஃபேஸ் தெர்மாமீட்டரை நாலு பக்கமும் வைத்துப் பார்க்காமல் மிக்ஸ் செய்ய விடாதீர்கள். ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினால் அன்றைக்கு வேலை இல்லை.

கங்கைகொண்டான் ஷாப்:
அண்ணாச்சி சொன்னது அத்தனையும் சரி. ஆனால் அந்த இடத்தில் எனக்குப் பெரிய பயம் உப்பும் காற்றில் பறக்கிற தேரிச் செம்மணலும்தான். பிளாஸ்ட் செய்து வெள்ளையாக நிற்கிற இரும்பில் கடல் காற்று உப்பைப் படிய வைக்கும், தூசி தள்ளினால் அது போகாது. அதன்மேல் பெயிண்ட் அடித்தால் உப்பு ஈரத்தை உள்ளே இழுத்துக் கொப்புளம் போடும், ஒன்றிரண்டு வருஷம் கழித்துத்தான் தெரியும். அன்றைக்குப் பிரைமர் அடிக்க முடிகிற அளவுக்கு மட்டும் பிளாஸ்ட் செய்யுங்கள், 4 மணி நேரத்துக்குள் மூடிவிட வேண்டும். பிரெஸ்லே ஒட்டு (இரும்பின் மேல் ஒட்டி உப்பை நீரில் கரைத்தெடுக்கும் பட்டை) வைத்து உப்பை அளந்து எழுதி வையுங்கள்.

மதிய வெயிலிலும் அடிக்காதீர்கள். வெயில் படுகிற தகடு 50 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். பெயிண்டின் வெப்பம் 10 டிகிரி கூடினால் பாட் லைஃப் (கலந்த பின் அடிக்கக் கிடைக்கும் நேரம்) ஏறக்குறைய பாதியாகும், டப்பாவிலேயே இறுகிவிடும்.

தெற்குச்சீமை:
ரொம்ப நன்றி. பிளாஸ்டுக்கு முன்னால் போர் தண்ணீரில் கழுவலாமா? ஆவணி தாண்டி ஐப்பசிக்குப் போய்விட்டால் பாலியூரித்தேன் என்ன ஆகும்?

வள்ளியூர் இன்ஸ்பெக்டர்:
அந்தப் பக்கம் நிறைய போர் உப்புத் தண்ணீர், கழுவக் கழுவ உப்பைத்தான் ஏற்றுவீர்கள். தாமிரபரணிக் குடிநீர் லாரியில் வாங்குங்கள், அதிலும் உப்பு எவ்வளவு என்று கண்டக்டிவிட்டி மீட்டரில் பாருங்கள். பாலியூரித்தேனுக்கு ஈரம் ஆகவே ஆகாது: அதன் ஹார்டனர் தண்ணீரோடு சேர்ந்தால் வாயு கிளம்பிக் குமிழ் விடும், பளபளப்பு போய் மங்கிவிடும். எபாக்ஸி வரை இப்போது முடியுங்கள். டாப் கோட் ஐப்பசிக்குத் தள்ளிப்போனால் மழை விட்டு இரும்பு காய்ந்த நாளில், சாயங்காலப் பனிக்கு முன் அது காய நேரம் இருக்கிற மாதிரி அடியுங்கள். ஆனால் எபாக்ஸியின் ஓவர்கோட் கெடு (அதன்மேல் அடுத்த கோட் அடிக்க விட்ட அதிகபட்ச காலம்) தாண்டியிருந்தால் லேசாகத் தேய்த்துக் கழுவிக் காயவிட்ட பிறகுதான். காற்றும் ஈரப்பதமும் எவ்வளவு தாண்டினால் வேலையை நிறுத்துவது என்பதைக் காண்ட்ராக்டரிடம் இப்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள், பிறகு நாள் கணக்கில் சண்டை வராது.