சோஹாரில் ஹெச்.பி.ஐ. கையாள்வது: யார்டு, கப்பல், உலை அனுபவங்கள்

சூட்டில் அழுத்திய இரும்புக் கட்டியான ஹெச்.பி.ஐ. பற்றி யார்டு (சரக்குக் குவிக்கும் திடல்) மேற்பார்வையாளர், உலைப் பிரிவுக்காரர், கப்பலின் சீஃப் ஆபீசர் மூவரும் சொல்வது இது.

யார்டு மேற்பார்வை

ஓமானின் சோஹார் துறைமுகத்தையும் அதை ஒட்டிய தடையற்ற வணிக மண்டலத்தையும் உலோகத்துக்காகவே கட்டியது போலத்தான் இருக்கும். பிரேசில் சுரங்க நிறுவனமான வாலேயின் பெல்லட் (இரும்புத்தாது உருண்டை) ஆலை ஆண்டுக்கு 90 லட்சம் டன் திறன் கொண்டது. 4 லட்சம் டன் கப்பல்கள் நேரே வந்து கட்டும் ஆழ்கடல் தளமும் உண்டு. 2010இல் ஜிண்டால் வாங்கிய ஷதீத் ஆலையில் தாதிலிருந்து ஆக்சிஜனை நீக்கி இரும்பாக்கும், 15 லட்சம் டன் திறனுள்ள மிட்ரெக்ஸ் உலை இருக்கிறது. அலுமினிய உருக்காலையும் இதே ஊரில்தான்.

இங்கே வேலைக்கு வரும் நம் ஆட்கள் முதலில் மனதில் பதிக்க வேண்டியது பெல்லட்டுக்கும் ஹெச்.பி.ஐ.க்கும் உள்ள வேறுபாடு. பெல்லட் முழுக்க ஆக்சைடு. தண்ணீர் அடித்தால் தூசி அடங்கும், அவ்வளவுதான். ஹெச்.பி.ஐ. என்பது ஆக்சிஜனை நீக்கிய இரும்பு. ஈரம் பட்டால் மறுபடி ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு சூட்டையும் ஹைட்ரஜனையும் வெளியே தள்ளும். உப்பு சேர்ந்த ஈரம் என்றால் வேகம் இன்னும் கூடுதல். பாத்தினாக் கடற்கரையில் ஜூலை இரவில் இரும்புத் தகட்டைத் தொட்டால் கை நனையும், அதனால் மழை பெய்தால்தான் பயம் என்று இருக்கவே கூடாது.

குவியல் போடும் தரையில் தண்ணீர் தேங்காத சரிவு வேண்டும். பழைய தூளைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச் சரக்கைக் கொட்ட வேண்டும். சூடு பெரும்பாலும் தொடங்குவது அந்தத் தூள் படிந்த அடிப்பகுதியில்தான். பகலில் வெயிலே எல்லாவற்றையும் சூடாகக் காட்டிவிடும், ஆகவே இன்ஃப்ராரெட் கேமரா சோதனையை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

உலைப் பிரிவு

ஏன் கட்டியாக அழுத்துகிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உலையிலிருந்து வரும் டி.ஆர்.ஐ. (உருக்காமலே ஆக்சிஜனை நீக்கிய இரும்பு) பஞ்சு மாதிரி துளை நிறைந்தது. அதை 650 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும்போதே உருளைகளுக்கு நடுவே அழுத்தினால் துளைகள் மூடிக்கொள்ளும். அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 5 கிராமுக்குக் குறையாமல் வர வேண்டும். சூடு குறைந்தபோது அழுத்தினாலோ உருளையின் குழிகள் தேய்ந்திருந்தாலோ ஓரம் உதிர்ந்து தூள் கூடும், அடர்த்தி குறையும். கப்பலில் வரும் சிக்கலுக்கு விதை இங்கேதான் விழுகிறது. ஆகவே ஷிஃப்டுக்கு ஒரு மாதிரி எடுத்து அடர்த்தி பார்ப்பதைச் சடங்காக்கிவிடாதீர்கள்.

சோஹார் ஆலையில் சூடான டி.ஆர்.ஐ.யை ஆறவிடாமல் அப்படியே மின்வில் உலைக்குள் (மின்சாரத்தால் உருக்கும் உலை) இறக்கும் ஏற்பாடும் உண்டு. மின்சாரம் மிச்சமாகிறது, ஈரப் பிரச்சினையும் அந்த இடத்தில் இல்லை. கரையிலேயே உருக்க முடிந்த இரும்பை உருக்கிவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

சீஃப் ஆபீசர்

கப்பல் பக்கம். ஹோல்டு (சரக்கு அறை) சுத்தமாக இருந்தால் போதாது, காய்ந்திருக்க வேண்டும். கழுவிய தண்ணீர் ஹோல்டின் அடியில் நீர் வடியும் பில்ஜ் கிணற்றில் நின்றால் வேலை கெட்டது. கிணற்று வாயை எரியாத பொருளால் மூடுங்கள். வழக்கமான சாக்குத்துணி இந்தச் சரக்குக்கு வேண்டாம். பழைய மரத்துண்டு, தீவனத் தூள் எதுவும் மிஞ்சக்கூடாது. ஹோல்டின் மேல்வாயான ஹேட்ச் மூடியின் கசிவைத் தண்ணீர் பீய்ச்சிப் பார்க்காமல் அல்ட்ராசோனிக் கருவியால் பாருங்கள்.

ஏற்றும்போது பார்க்க வேண்டிய வரம்புகள்: வெப்பம் 65 டிகிரிக்கு மேல் போகக்கூடாது, ஈரம் 1 சதவீதத்துக்குக் கீழ், 6.35 மி.மீ.க்குச் சிறிய தூள் எடையில் 5 சதவீதத்துக்குள். கன்வேயர் முனையை முடிந்தவரை தாழ்த்தி வையுங்கள். உயரத்திலிருந்து விழுந்து உடையும் கட்டிகளே தூளாகின்றன, யார்டில் 3 சதவீதம் காட்டிய சரக்கு ஹோல்டில் வரம்பைத் தாண்டுவது இப்படித்தான். தூறல் விழுந்தால் ஏற்றுவதை நிறுத்தி ஹேட்சை மூடுங்கள், கன்வேயரில் நனைந்ததை ஒதுக்கிவிடுங்கள்.

பயணத்தில் ஹைட்ரஜன் அளவு 1 சதவீதத்தைத் தொடக்கூடாது. காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே வெடிக்கும். ஹெச்.பி.ஐ.க்கு மேற்பரப்புக் காற்றோட்டம் போதும், சரக்கின் உள்ளே காற்றைச் செலுத்தாதீர்கள். விசிறி தீப்பொறி விடாத வகையாக இருக்கட்டும். ஹோல்டுக்குள் ஆக்சிஜன் தின்னப்பட்டிருக்கும். பக்கத்து அறைகளிலும் அளந்து பார்க்காமல் யாரையும் இறக்க வேண்டாம். உயிர் போவது இந்த இடத்தில்.

கேள்வி: குவியலில் புகை வந்தால் என்ன செய்வது?

யார்டு மேற்பார்வை

தண்ணீர் வேண்டாம். நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் வேண்டாம். கொஞ்சம் தண்ணீர் ஊற்றுவதுதான் மிக மோசம், சூட்டை அணைக்காது, ஹைட்ரஜனை மட்டும் கூட்டும். லோடரால் சூடான பகுதியைப் பிரித்தெடுத்து, காய்ந்த தரையில் மெல்லிய படலமாகப் பரப்பினால் தானே ஆறும். பரப்ப இடம் இல்லாவிட்டால் காய்ந்த மணலால் மூடிக் காற்று புகாமல் தடுங்கள். லோடர் ஓட்டுநர் புகை தன் மேல் வராதபடி காற்று வரும் பக்கமாக நிற்கட்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மதியம் 12.30 முதல் 3.30 வரை வெளிவேலைக்குத் தடை உண்டு. அந்த நேரத்தில் யார்டைக் கவனிக்காமல் விடாதபடி கேமராக் கண்காணிப்பை முன்கூட்டியே திட்டமிடுங்கள்.

சீஃப் ஆபீசர்

ஒன்று விட்டுப்போனது, அதுவே முக்கியம். பன்னாட்டுத் திண்மச் சரக்கு விதிகளில் டி.ஆர்.ஐ. இப்போது நான்கு வகை. சூட்டில் அழுத்திய கட்டிகள் ஏ. அழுத்தாத உருண்டைகள், துண்டுகள் பி. துணைவிளைவான தூள் சி. குறைந்தது 2 சதவீதம் ஈரமுள்ள தூள் டி. முன்னே சொன்ன ஈர வரம்பும் காற்றோட்ட முறையும் ஏ வகைக்கு மட்டும். பி, சி இரண்டுக்கும் நைட்ரஜன் நிரப்பி ஆக்சிஜனை 5 சதவீதத்துக்குக் கீழே வைக்க வேண்டும். ஈரம் 0.3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். சி வகையை ஏற்றும் முன் 30 நாள் ஆறவிட வேண்டும். 2004இல் கொலம்பியா அருகே ‘யிதான்’ கப்பல் வெடித்து 6 பேர் இறந்தார்கள். அதில் இருந்தது ஹெச்.பி.ஐ. தூள். பெயரில் ஹெச்.பி.ஐ. இருப்பதைப் பார்த்துக் கட்டிக்கான விதியைத் தூளுக்குப் போடாதீர்கள். அனுப்புநர் தரும் சரக்கு அறிவிப்பில் வெறும் ‘டி.ஆர்.ஐ.’ என்று இருந்து வகை எழுத்து இல்லையென்றால், அதைத் திருத்தி வாங்கும்வரை ஏற்றலைத் தொடங்க விடாதீர்கள்.