பிஎஸ்பியில் ‘ஃப்ரம் ரஷ்யா வித் லவ்’ பாதியில் நின்றுவிடுகிறது, பழைய சேமிப்பும் தெரியவில்லை. உதவி தேவை

நிழல்ஒற்றன்:
வணக்கம் நண்பர்களே. 1963-இல் வெளிவந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தைத் தழுவிய ஆட்டம், 2006-இல் பிஎஸ்பிக்கு (சோனியின் கையடக்க விளையாட்டுக் கருவி) வந்த பதிப்பு. என்னிடம் முன்பு இருந்த வட்டு தொலைந்துவிட்டதால், ஒருவர் பயன்படுத்திய வட்டை அண்மையில் வாங்கினேன். லண்டன் நாடாளுமன்றக் கட்டடத்தில் நடக்கும் முதல் கட்டம் சிக்கலின்றி ஓடுகிறது. அதைத் தாண்டி அடுத்தது ஏறும்போது வட்டு கரகரவென்று சத்தம் போடுகிறது. வசனம் விட்டுவிட்டுக் கேட்கிறது, பிறகு திரை அசையாமல் நின்றுவிடுகிறது. ஹோம் பொத்தானுக்குக்கூட அசைவதில்லை.

இன்னொரு தொல்லை. பழைய வட்டில் பாதிக்கு மேல் ஆடிச் சேமித்தது மெமரி ஸ்டிக்கில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் இந்த வட்டைப் போட்டால், சேமித்த தரவு எதுவும் இல்லை என்று ஆட்டம் சாதிக்கிறது. கருவி பிஎஸ்பி-2000.

புதுப்பிப்போன்:
கருவியின் மென்பொருளை 6.61-க்குப் புதுப்பித்துப் பாருங்கள். பெரும்பாலான சிக்கல்கள் அதிலேயே தீர்ந்துவிடும்.

பழங்கருவி:
இதில் தீராது. 2006-இல் வந்த ஆட்டம் அந்தக் காலத்து மென்பொருளையே கேட்கும். அது போதாவிட்டால் முதல் கட்டமே தொடங்கியிருக்காது, புதுப்பிக்கச் சொல்லித் திரையிலேயே கேட்டிருக்கும். எந்தக் கோளாறுக்கும் மென்பொருளைக் கைகாட்டுவது நம்மிடம் ஊறிப்போன வழக்கம்.

நிழல்ஒற்றன், இரண்டு கேள்விகள். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்தான் நிற்கிறதா? வேறு ஆட்டத்தின் வட்டைப் போட்டால் அது ஒழுங்காக ஓடுகிறதா?

நிழல்ஒற்றன்:
அதே இடத்தில்தான், ஐயா. வேறு வட்டுகள் அமைதியாக ஓடுகின்றன.

பழங்கருவி:
அப்படியானால் லென்ஸ் மீது பழி போட வேண்டாம். லென்ஸில் அழுக்கு என்றால் எல்லா வட்டும் திணறும், நிற்கும் இடமும் மாறிக்கொண்டே இருக்கும். சார்ஜ் குறைந்த பேட்டரியும் அப்படித்தான்: வட்டைச் சுழற்ற மின்சாரம் அதிகம் இழுக்கும், அந்த நேரத்தில் கருவியே அணைந்துவிடும். ஒரே ஆட்டம், ஒரே இடம் என்றால் கோளாறு வட்டிலோ அதன் உறையிலோதான்.

பிஎஸ்பி ஆட்டங்கள் வரும் யுஎம்டி வட்டு 60 மி.மீ. குறுக்களவுதான். இரண்டு அடுக்கில் 1.8 ஜிபி வரை பிடிக்கும். அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் உறையில், லென்ஸ் படிக்கும் பக்கம் ஒரு திறப்பு இருக்கிறது. பழைய ஃபிளாப்பியில் இருந்ததுபோல் அதை மறைக்கும் நகரும் மூடி இதற்குக் கிடையாது. தூசியும் விரல்ரேகையும் நேராக உள்ளே போகும். அதைவிடப் பெரிய வில்லங்கம் முன்பக்கத்தில். அங்கே தெளிவான பிளாஸ்டிக் வெள்ளை உறையோடு பசையால் ஒட்டப்பட்டிருக்கும். காலப்போக்கில் அது விட்டுக்கொள்ளும். இரண்டு பாதிகளும் அரைகுறையாகப் பிரிந்து நின்றால் வட்டு உரசிச் சுழலும். நீங்கள் சொல்லும் கரகரப்பு அதுவாகவே இருக்கும் என்பது என் ஊகம்.

வட்டின் ஓரங்களில் நகத்தை வைத்து மெல்லத் தடவுங்கள். எங்காவது இடைவெளி தட்டுப்படுகிறதா?

நிழல்ஒற்றன்:
தட்டுப்படுகிறது! மேல் விளிம்பில் தாள் நுழையும் அளவுக்குப் பிளந்திருக்கிறது. சீக்கிரம் ஒட்டும் பசை வீட்டில் இருக்கிறது, போடலாமா?

தேன்மொழி:
வேண்டவே வேண்டாம், தம்பி. அந்தப் பசை காயும்போது எழும் ஆவி வட்டின் மேல் வெண்படலமாகப் படியும், பிறகு வட்டையே தூக்கிப் போட வேண்டியதுதான். டேப்பும் ஒட்டாதீர்கள், உள்ளே சுருண்டு மாட்டிக்கொண்டால் வெளியே எடுப்பது பெரும்பாடு.

முதலில் துடைத்துவிடுங்கள். பஞ்சுக்குச்சியை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்து, நடுக்குமிழை விரலால் திருப்பியபடியே, திறப்பில் தெரியும் பகுதியை நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள். வட்டமாகத் தேய்க்க வேண்டாம். நன்றாக உலர்ந்த பிறகு, மெதுவாகக் காயும் பிளாஸ்டிக் பசையைக் குண்டூசி முனையில் எடுத்து, பிளந்த விளிம்பில் மட்டும் வையுங்கள். கனமான புத்தகத்துக்கு அடியில் ஓர் இரவு இருக்கட்டும். மறுநாள் வட்டு உறைக்குள் தளர்வாகச் சுழல்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கருவியில் போட வேண்டும்.

பழங்கருவி:
இனி சேமிப்பு. பழைய வட்டும் புதிய வட்டும் வேறு வேறு பகுதிகளுக்கான பதிப்புகளா? வட்டில் அச்சிட்ட குறியீட்டைப் பாருங்கள். அமெரிக்கப் பதிப்பு என்றால் யுஎல்யுஎஸ் என்று தொடங்கும், ஐரோப்பியப் பதிப்பு யுஎல்இஎஸ். பிஎஸ்பி ஆட்டங்களுக்குப் பகுதிப் பூட்டு இல்லாததால் இரண்டும் ஒரே கருவியில் ஓடும் (யுஎம்டியில் வந்த திரைப்படங்களுக்குத்தான் பூட்டு உண்டு). ஆனால் சேமிப்பு அந்தக் குறியீட்டின் பெயரிலேயே தனிக் கோப்புறையாகப் பதிவாகிறது. ஆட்டம் தன் குறியீட்டை மட்டுமே தேடும்.

நிழல்ஒற்றன்:
கணினியில் இணைத்துப் பார்த்தேன். பிஎஸ்பி கோப்புறைக்குள் சேவ்டேட்டா, அதில் யுஎல்யுஎஸ் என்று தொடங்கும் கோப்புறை. கையில் இருக்கும் வட்டில் யுஎல்இஎஸ். கோப்புறையின் பெயரை மாற்றினால் ஏற்குமா?

பழங்கருவி:
ஏற்காது. உள்ளே உள்ள கோப்புகளிலும் அந்த விவரம் பதிந்திருக்கிறது, மறையாக்கமும் உண்டு. பெயரை மட்டும் மாற்றினால் ‘சிதைந்த தரவு’ என்றே காட்டும். கோப்புறையைக் கணினியில் நகலெடுத்து வையுங்கள். அதே பகுதி வட்டு என்றாவது கிடைத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

நிழல்ஒற்றன்:
ஒட்டியாகிவிட்டது. கரகரப்பு போய்விட்டது, இரண்டாம் கட்டமும் ஏறிவிட்டது. வசனமும் தடையின்றிக் கேட்கிறது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: திரையில் பாண்டாக நடித்த ஷான் கானரியின் 1963 காலத்து இளம் முகம், குரலோ 75 வயதை நெருங்கியபோது புதிதாகப் பதிவு செய்தது. முதலில் அதையும் வட்டுக் கோளாறு என்றே நினைத்தேன்.

தேன்மொழி:
அதற்குப் பசை கிடையாது.

புதுப்பிப்போன்:
பிஎஸ்பி-2000 என்றீர்கள். பின்பக்க பேட்டரி மூடி உப்பியிருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். உப்பியிருந்தால் அழுத்திப் பொருத்தாமல் கழற்றிவிடுங்கள். சுவர் மின்சாரத்தில் பேட்டரி இல்லாமலேயே ஆடலாம், சேமிப்பதும் நடக்கும்.