ஊரில் தூண்டில் சங்கம் தொடங்கியவர்களின் அனுபவங்கள்

கண்மாய்க்கரை (சிவகங்கை மாவட்டம்)

சங்கம் வைப்பது சுலபம். அதற்குத் தண்ணீர் கிடைப்பதுதான் பெரும்பாடு.

எங்கள் ஊரில் பொழுது சாய்ந்தால் தூண்டிலோடு கரையில் உட்காருகிறவர்கள் நிறையப் பேர். இவர்களை ஒன்றுசேர்க்கலாம் என்று பேச்சு எழுந்ததுமே பெயர், சின்னம், சட்டையின் நிறம் எல்லாம் முடிவாகிவிட்டன. பதிவும் சிரமமில்லை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி குறைந்தது 7 பேர் இருந்தால் போதும். விதிமுறைகளை எழுதிக் கையெழுத்திட்டு மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கொடுக்கலாம். ஆனால் அந்தச் சான்றிதழைக் காட்டி ஒரு கண்மாயிலும் தூண்டில் போட முடியாது. எங்கள் பக்கம் மீன்பாசி ஏலம், அதாவது கண்மாயில் மீன் வளர்த்துப் பிடிக்கும் உரிமைக்கான ஏலம் நடக்கும். குத்தகை எடுத்தவர் கைக்காசைப் போட்டுக் கட்லா, ரோகு குஞ்சுகளை வாங்கி விட்டிருப்பார். கரையில் சும்மா உட்கார்ந்திருப்பவனே அவருக்குத் திருடன்தான்; பத்துப் பேர் ஒரே சட்டையில் வந்தால் கேட்கவா வேண்டும்?

அதனால் சந்தா வசூலிக்கும் முன்பே குத்தகைதாரரைப் பார்க்கப் போனோம். அவர் முதலில் எங்கள் தூண்டில் முள்ளைத்தான் கேட்டு வாங்கினார். விரல் நுனியில் வைத்துத் திருப்பிப் பார்த்தவர், “இது ஜிலேபிக்கு ஆகும். கட்லாவுக்கு இல்லை. சரி, உட்காருங்கள் தம்பி” என்றார்.

ஜிலேபி என்கிற திலாப்பியா மீன் அவருக்குத் தலைவலி. யாரும் விடாமலே பெருகும். குஞ்சுகளை வாயில் அடைத்துக் காப்பாற்றும். வளர்ப்பு மீனுக்குப் போடும் தீனியில் பங்குக்கு வரும். ஆகவே பேச்சு இப்படி முடிந்தது: ஜிலேபி எவ்வளவு வேண்டுமானாலும் பிடிக்கலாம், கட்லா, ரோகு, மிர்கால் மாட்டினால் அங்கேயே திரும்ப விட்டுவிட வேண்டும், இருட்டிய பிறகு கரையில் ஆள் இருக்கக்கூடாது. எழுத்தில் வாங்கிக்கொண்டோம். குத்தகை கைமாறினால் மறுபடியும் முதலிலிருந்து பேச வேண்டும், அது வேறு கதை.

பரிசல்துறை (ஈரோடு)

ஆற்றில் நிலைமை வேறு அண்ணா. காவிரியை நம்பிப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். எங்கள் சங்கத்தார் பெரிய மீனுக்குப் பரிசு என்று அறிவித்ததும் பரிசல்காரர்கள் முகம் சுளித்தார்கள். கோபம் மீனுக்காக அல்ல, வலைக்காக. தூண்டில் முள் வலையில் சிக்கினால் நம் ஆட்கள் இழுத்துப் பிய்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். கிழிந்த வலையை உட்கார்ந்து முடிவது பரிசல்காரர்கள் வீட்டுப் பெண்கள். இப்போது வலை கட்டியிருக்கும் இடத்தை முந்தின நாளே கேட்டுக்கொள்கிறோம். போட்டியைக் கைவிட்டோம்.

மஷீர் என்னும் பெரிய ஆற்று மீனைப் பிடிக்கும் ஆசையோடு வருகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். காவிரியின் திமில் மஷீர் அற்றுப்போகும் விளிம்பில் இருப்பதாக 2018-இல் சர்வதேசச் செம்பட்டியலில் சேர்க்கப்பட்ட மீன். கர்நாடகத்தின் பீமேஸ்வரியில் அதற்காகவே வெளிநாட்டினர் வந்து தங்கிய காலம் உண்டு. அந்த இடம் காவிரி வனவிலங்குச் சரணாலயத்தைச் சேர்ந்தது; அங்கே அதெல்லாம் நின்றுவிட்டது. சங்கத்தின் பெயரில் வனப்பகுதிக்குள் நுழைந்தால் வழக்குத்தான் மிஞ்சும்.

வாய்க்கால்மேடு (தஞ்சாவூர்)

எங்கள் சங்கத்தில் நானும் என் நாத்தனாரும் மட்டும்தான் பெண்கள். நாங்கள் கேட்டுச் சேர்த்த விதி ஒன்று உண்டு. விரால் குஞ்சு பொரித்தால், சின்னஞ்சிறு குஞ்சுகள் செம்மஞ்சள் நிறத்தில் ஒரே கூட்டமாக நீர்மட்டத்தில் கொப்பளிக்கும். சற்றுக் கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அந்த நேரத்தில் இரையாகத் தவளைப் பொம்மையைக் கட்டித் தூண்டில் போட்டால் பசிக்காக அல்ல, குஞ்சைக் காக்கத்தான் பாய்ந்து கவ்வும். அதைப் பிடிப்பதில் என்ன சாமர்த்தியம் இருக்கிறது? காவல் போனால் மற்ற மீன்கள் குஞ்சுகளைத் தின்றுவிடும். குஞ்சு தெரிந்தால் இடத்தை மாற்ற வேண்டும் என்று எழுதிவைத்தோம். “இதற்கெல்லாமா விதி?” என்று சிரித்த பெரியவர்தான் இப்போது பையன்களை அதட்டுகிறார்.

அறுந்த தங்கூஸ் (தூண்டில் நரம்பு) துண்டுகளைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்துப்போவதும் எங்களிடம் கட்டாயம். கொக்கின் காலில் அது சுற்றிக்கொண்டால் அவிழ்ப்பதற்குள் போதும் போதுமென்று ஆகிவிடும்.

படகுத்துறை (சிங்கப்பூர்)

இங்கே நீர்த்தேக்கங்களில் அனுமதித்த இடத்தில்தான் தூண்டில் போடலாம். அதுவும் செயற்கை இரைதான். மண்புழுவோடு போய் நின்றால் அபராதம் கட்ட நேரிடும். புழு போட வேண்டுமென்றால் பெடோக் படகுத்துறைப் பக்கம் கடலுக்குப் போவோம். அங்கே ராத்திரி முழுக்கத் தமிழ், மலாய், சீனம் எல்லாம் காதில் விழும். சங்கம் என்று எதுவும் இல்லை, வந்து நிற்பவர்கள்தான் உறுப்பினர்கள். கண்மாய்க்கரை அண்ணனிடம் ஒரு சந்தேகம்: கட்லாவைத் திரும்ப விட்டால் பிழைக்கிறதா?

கண்மாய்க்கரை

பிழைக்கும் தம்பி, பக்குவமாகக் கழற்றினால். முள்ளின் நுனியருகே பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் எதிர்க்கொக்கியைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். அப்போது வாயைக் கிழிக்காமல் வந்துவிடும். கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள், உலர்ந்த கை பட்டால் மேலே உள்ள வழவழப்பு போய்விடும். முள்ளை ஆழமாக விழுங்கியிருந்தால் நோண்ட வேண்டாம், தங்கூஸை வாயருகே நறுக்கிவிட்டுத் தண்ணீரில் விடுங்கள். உச்சிவெயிலில் நாங்கள் தூண்டிலே போடுவதில்லை.