கியர் டிராக்டரா, ஹைட்ரோஸ்டேட்டிக்கா? மாந்தோப்புக்கு எது சரி?

வேளச்சேரி:
வணக்கம். வீடு வேளச்சேரியில், நிலம் உத்திரமேரூர் பக்கம். மா 5 ஏக்கர், நெல் 2 ஏக்கர். இருப்பது பழைய 35 ஹெச்.பி. கியர் வண்டி, ஒற்றை கிளட்ச். மரங்களுக்கு நடுவே முன்னும் பின்னும் போய் ஸ்லாஷரில் புல் வெட்டுவதுதான் வருஷம் முழுக்க வேலை. புல் அடர்ந்த இடத்தில் கிளட்சை மிதித்தால் பிளேடும் சேர்ந்து நின்றுவிடுகிறது. ஓட்டுகிற அண்ணனுக்கு வயது 50-ஐத் தாண்டிவிட்டது, சாயங்காலமானால் இடது முழங்கால் வலி தாங்கவில்லை. அவருக்காகத்தான் மாற்ற நினைக்கிறேன். இறக்குமதியான பழைய ஹைட்ரோஸ்டேட்டிக் வண்டி ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

படப்பை:
புல் வெட்ட அதுபோல சுகம் கிடையாது சார். இன்ஜின் ஒரு பம்பைச் சுற்றும், பம்ப் தள்ளுகிற ஆயில் ஒரு மோட்டாரைச் சுற்றும், அதிலிருந்துதான் சக்கரத்துக்கு ஓட்டம். பெடலைத் தளர்த்தினால் வண்டி மட்டும் மெதுவாகும், இன்ஜின் வேகம் குறையாததால், பிளேடைச் சுற்றுகிற பின்பக்கத் தண்டு (பி.டி.ஓ.) நிமிஷத்துக்கு 540 சுற்றிலேயே சுற்றும். ரிவர்ஸுக்கும் கிளட்ச் வேண்டாம். அண்ணன் கால் பிழைக்கும்.

மதுராந்தகம் பட்டறை:
புல்லுக்குச் சரி தம்பி. அந்த 2 ஏக்கர் நெல்லுக்கு என்ன செய்வீர்கள்? ஆயில் வழியாகப் போகிற சக்தியில் ஒரு பங்கு சூடாகவே வீணாகும். சேற்றுழவிலும், டிரெய்லரில் லோடு இழுக்கும்போதும் அது நன்றாகவே தெரியும். சித்திரை வெயிலில் ஆயில் கூலரில் புல் தூசி அடைத்தால் இன்னும் மோசம். நடுவழியில் நின்றுபோனால் கயிறு கட்டித் தூரமாக இழுத்துவரவும் கூடாது, உள்ளே பம்பும் மோட்டாரும் கெடும். கியர்பாக்ஸைப் பிரித்து மாட்ட ஊருக்கு ஊர் ஆள் உண்டு. இதன் பம்பைத் திறக்கத் தெரிந்தவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், இறக்குமதி வண்டிக்குப் பாகமும் சுலபத்தில் கிடைக்காது.

உங்கள் தொல்லைக்குக் காரணம் கியர் இல்லை, ஒற்றை கிளட்ச். இரட்டை கிளட்சோ, தனி பி.டி.ஓ. கிளட்சோ உள்ள கியர் வண்டியில், வண்டி நின்றாலும் பிளேடு சுற்றும். ஷட்டில் லீவரும் இருந்தால் முன்னே பின்னே போவது சுலபம். ஆனால் ஷட்டிலுக்கும் பெரும்பாலான வண்டிகளில் கிளட்ச் மிதித்தாக வேண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

வேளச்சேரி:
நன்றி அண்ணா, இரட்டை கிளட்ச் விஷயம் எனக்கு யாருமே சொல்லவில்லை. ஆனால் முழங்காலுக்கு அது முழுத் தீர்வு இல்லையே. சேற்றுழவை வாடகை வண்டிக்கு விட்டுவிட்டால்?

மதுராந்தகம் பட்டறை:
அப்படியானால் கணக்கே வேறு. புல்லுக்கு மட்டும் என்றால் ஹைட்ரோஸ்டேட்டிக்கை நானும் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் குளிர்ந்த வண்டியை ஓட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஆயில் நன்றாகச் சூடாகும்வரை ஸ்லாஷரோடு ஓட்டி, அப்புறம் ஒரு மேட்டில் ஏற்றுங்கள். காலையில் ஏறிய மேட்டில் சூடான பிறகு திணறினால் பம்போ மோட்டாரோ தேய்ந்திருக்கிறது, விட்டுவிடுங்கள். டிப் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள், ஆயில் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஃபில்டர் எந்தக் கடையில் கிடைக்கும் என்பதையும் பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

படப்பை:
ஓட்டிப் பார்க்க அண்ணனையே உட்கார வையுங்கள் சார். சில வண்டிகளில் பெடல் விறைப்பாக இருக்கும், வலி இடது காலிலிருந்து வலது காலுக்கு மாறிவிடும். வேகத்தை மாறாமல் பிடித்துவைக்கிற க்ரூஸ் லீவர் இருக்கிறதா என்றும் பாருங்கள், நேர் வரிசையில் காலை எடுத்துவிடலாம்.

வேளச்சேரி:
சரி. ஞாயிற்றுக்கிழமை அண்ணனோடு போய், மதியம் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.