மறு: 'காகோமே'வுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம் ஐயா,

சில படிகங்களில் அணுக்கள் ஒருவகைப் பின்னல்போல் அமைந்திருப்பதை இயற்பியலில் 'காகோமே' அணிக்கோவை (kagome lattice, அதாவது திரும்பத் திரும்ப வரும் அணு ஒழுங்கு) என்கிறார்கள். அதற்குத் தமிழில் நீங்கள் சொன்ன 'பிரம்புப் பின்னல் அணிக்கோவை' எனக்கு ஒட்டவில்லை. நேற்று திருவான்மியூரில் அண்ணன் வீட்டுப் பிரம்பு நாற்காலியைக் குனிந்து பார்த்து எண்ணினேன் (அண்ணி ஒரு மாதிரி பார்த்தார்), ஓட்டைக்கு எட்டு மூலை. நமக்கு வேண்டியது ஆறு. பட்டைகள் மூன்றே திசையில் ஓட வேண்டும், நடுவில் அறுகோண ஓட்டை, அதைச் சுற்றி மூலையோடு மூலை தொடும் சின்ன முக்கோணங்கள், இரண்டு பட்டை குறுக்கிடும் இடத்திலெல்லாம் ஓர் அணு. இந்தப் பின்னலை நான் பார்த்தது ஊரில் கோழி கவிழ்க்கிற பஞ்சாரத்தில்தான்.

அப்படியே 'காகோமே' என்று எழுதிவிடலாம் என்பவர்களுக்கு: பள்ளிக்கூடத்துப் பையன் அதைக் 'காகமே' என்றுதான் படிப்பான். ஜப்பானிய மொழியில் ககோ என்றால் கூடை, மே என்றால் கண், அவ்வளவுதான். நாமும் சல்லடைக்குக் கண் என்கிறோம், தேங்காய்க்குக் கண் என்கிறோம், காசிமேட்டில் கேட்டால் வலைக்கும் கண்தான். அப்புறம் ஏன் தேட வேண்டும்? கூடைக்கண் அணிக்கோவை, கூடைக்கண் உலோகம். கடைக்கண் மாதிரி ஒலிக்கிறது என்று கேலி செய்பவர்கள் செய்துகொள்ளட்டும்.

எனக்கு இந்தச் சொல் பிடித்துப்போக வேறொரு காரணமும் உண்டு. சீசியம், வனேடியம், ஆன்டிமனி 1:3:5 என்ற கணக்கில் சேர்ந்த படிகம் 2019ல் வெளிவந்தது, சுமார் 2.5 கெல்வினில், அதாவது மைனஸ் 270 டிகிரிக்கும் கீழே, அது மீகடத்தியாகிறது (மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்துகிறது) என்று 2020ல் தெரிந்தது. அதைக் குளிர்வித்துக்கொண்டே வந்தால் 94 கெல்வினிலேயே எலக்ட்ரான் அடர்த்தி அலைபோல் ஏறி இறங்கி ஓர் ஒழுங்குக்கு வந்துவிடும். அதற்கும் மீகடத்தலுக்கும் என்ன உறவு என்பதில்தான் சண்டையே. அந்தப் படிகத்தில் கூடை பின்னுவது வனேடியம், ஒவ்வொரு கண்ணின் நடுவிலும் ஓர் ஆன்டிமனி அணு. நம் அஞ்சனக்கல் ஆன்டிமனி சல்ஃபைடுதானே? கண்ணுக்கு மை தீட்டியே வந்திருக்கிறது!

'அணிக்கோவை' என்ற சொல்லே இங்கே பொருந்துமா என்று நீங்கள் கேட்டது நியாயம்தான். அதில் எல்லாப் புள்ளியும் ஒன்றுபோல் ஒரே திசை பார்த்து இருக்க வேண்டும், இங்கே ஓர் அலகுக்கு மூன்று அணு, மூன்றும் வெவ்வேறு பக்கம் பார்க்கின்றன. 'கூடைக்கண் வலை' என்று வைத்துக்கொள்வோமா? விக்சனரியில் ஏற்றும் முன் சொல்லுங்கள்.